அரக்கு வண்டிக்குத் தண்ணீர் ஆகாது

வண்டியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது என்று மயில்வாகனத்திடம் சொன்னேன். லோகேஷிடம் சொன்னேன். கோயில் வாசலில் உட்கார்ந்து மாலை கட்டிக்கொண்டிருந்தவர்களிடமும் சொன்னேன். தூசி இருந்தால் துணியால் துடையுங்கள், என்ஜின் பக்கம் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது என்று, காது கேட்காதவர்களுக்குச் சொல்வதுபோல் சத்தமாகத்தான் சொன்னேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். தலையை ஆட்டுவதில் எங்கள் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

எனக்குக் கோபம் அதிகம் என்று அம்மா சொல்வாள். இருக்கட்டும். எங்கள் வீட்டில் ஒருத்தியாவது கோபப்பட வேண்டாமா? அப்பா ராமராஜன் கொத்தனார். யார் என்ன செய்தாலும் ‘போவட்டும் விடும்மா’ என்பார். அம்மா மரியம்மாள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய், அந்த வாரத்துக் கோபத்தை மொத்தமாக அங்கே இறக்கிவைத்துவிட்டு, வரும்போது மீன் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். அப்பாவுக்கு அம்மன், அம்மாவுக்கு மாதா. எனக்கு ஸ்பானர்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கார் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். புது வண்டிகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் ஒரே போல்ட்டை முடுக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. என் கைவழியாகப் போன எந்த வண்டியும் ரோட்டில் ஓடி நான் பார்த்ததில்லை. அந்த எரிச்சலில்தான், பழைய இரும்புக் கடையில் வெட்டுவதற்குப் போட்டிருந்த ராணுவ வண்டியை வாங்கினேன். ஒரு டன் சுமக்கும் என்பதால் அதற்கு ஒன்-டன் என்று பெயர். நான் பிறப்பதற்கு முன்பே மலையேறி ஓய்ந்த வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும் என்றார் கடைக்காரர். அப்போது அதற்கு நான்கு சக்கரமே இல்லை.

செவிலிமேட்டைத் தாண்டி, பாலாற்றுக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் தெரு. கிடைத்த சக்கரங்களை மாட்டி, வண்டியைக் கட்டி இழுத்து வந்து வீட்டுப் பக்கத்தில் நிறுத்தியபோது, தெருவே வந்து சிரித்தது. தரைத் தகட்டில் இருந்த ஓட்டை வழியாகப் பக்கத்து வீட்டுக் கோழி ஏறி, கதவு இருக்க வேண்டிய இடம் வழியாக இறங்கிப் போயிற்று. “கூண்டு நல்லா இருக்குது, கோழி எங்க வாங்கலாம்?” என்றாள் அம்மா.

சிரிக்காதவர் அப்பா மட்டும்தான். வண்டியைச் சுற்றி வந்தார், சுவருக்குத் தூக்குநூல் பிடிக்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மறுநாள் வேலைக்குப் போகாமல் எனக்காகத் தரையில் ஒரு நீளக் குழி வெட்டி, இரண்டு பக்கமும் செங்கல் கட்டி, இறங்கப் படிவைத்துப் பூசிக் கொடுத்தார். வண்டிக்கு அடியில் நின்றபடி வேலை செய்யலாம். கம்பெனியில்கூட அவ்வளவு வசதியான குழியை நான் பார்த்ததில்லை.

லீவு நாளெல்லாம் அந்தக் குழியில்தான் கழிந்தது. துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தேன். பிரேக்கைப் பிரித்தேன், சேர்த்தேன், ஒழுகியது, திரும்பப் பிரித்தேன். அம்மாவின் குழம்புச் சட்டியில் கார்புரேட்டரை ஊறவைத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். வட இந்தியாவில் இதே வண்டி வைத்திருக்கிறவர்கள் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தார்கள். அதில் அரைகுறை இந்தியில் கேட்பேன், அவர்கள் வீடியோ எடுத்து அனுப்புவார்கள். ராணுவப் பச்சையைப் பொதுமக்கள் அடிக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் அரக்கு அடித்தேன். காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு எனக்கு வேறென்ன நிறம் தோன்றும்? அம்மா வெள்ளைக் காடாத் துணியில் சீட்டுக்கு உறை தைத்துக் கொடுத்தாள்.

ஒரே ஒரு சாமான்தான் கிடைக்கவில்லை. என்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் என்று கிண்ணம் மாதிரி ஒன்று உண்டு. ஒவ்வொரு பிளக்குக்கும் தீப்பொறி அங்கிருந்துதான் பிரிந்து போகும். அதற்குள் ஈரம் போகாமல் இருக்க ரப்பர் உறை போட்டிருப்பார்கள். என் வண்டியில் அது மட்கிப்போய் உதிர்ந்துவிட்டது. புதுசு எங்கும் இல்லை. மழையில் வண்டியை எடுக்க மாட்டேன். கழுவ மாட்டேன், துடைப்பேன். என் வண்டிக்குத் தண்ணீர் ஆகாது, அதைத் தவிர வேறு குறை கிடையாது.

தை பிறப்பதற்குச் சில நாள் முன்பு மயில்வாகனம் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். பட்டுத் தறிக்காரர், மணல்மேட்டம்மன் கோயில் கமிட்டித் தலைவர். கோயில் அவர்கள் தெருவில் இருக்கிறது. எங்கள் தெருக்காரர்கள் வெளியே ரோட்டில் நின்று கும்பிடுவார்கள். யாரும் உள்ளே வராதே என்று சொல்வதில்லை. சொன்னால் கேஸ் ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். நாங்கள் போனால் பூசாரிக்கு அவசர வேலை வந்து, கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார், அவ்வளவுதான்.

கூட அவர் தம்பி மகன் லோகேஷ் வந்திருந்தான். அவனும் நானும் ஒரே கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள். என் டிபன் பாக்ஸில் கைவிட்டுக் கறித்துண்டை எடுத்துத் தின்கிறவன். அங்கே வாய்க்கு வாய் ‘அக்கா, அக்கா’ என்பான். பெரியப்பா பக்கத்தில் நின்றதும் அவனுக்கு என்னைக் கூப்பிட வார்த்தை கிடைக்கவில்லை.

அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். “இருக்குதும்மா” என்று மயில்வாகனம் கையிலிருந்த பாட்டிலைக் காட்டினார். அதில் ஒரு வாய்த் தண்ணீர்கூட இல்லை. அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். அப்பா அதைப் பார்க்கவில்லை. வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, “வாங்கய்யா, வாங்கய்யா” என்று நின்றார். இரண்டு பேருக்கும் ஒரே வயதுதான் இருக்கும். அப்பாவுக்கு அவர் ஐயா. அவருக்கு அப்பா ராமராஜன்.

பொங்கல் முடிந்ததும் எங்கள் பக்கம் ஆற்றுத் திருவிழா. சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகள் எல்லாம் பாலாற்று மணலில் இறங்கும். போன வருஷம் மணல்மேட்டம்மன் ஏறிப்போன டிராக்டர் மணலில் புதைந்து, அம்மன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கமிட்டியின் மானம் கப்பலேறியது ஊரறிந்த கதை.

“உன் வண்டி நாலு சக்கரமும் இழுக்குமாமே. எந்த மணல்லயும் போவும்னு லோகேஷு சொன்னான். அம்மனுக்கு ஒரு நாளைக்கு வோணும்மா” என்றார் மயில்வாகனம்.

“தரேன். நான்தான் ஓட்டுவேன். ஆத்துக்குப் போற வழியில அம்மன் எங்க தெருவுக்குள்ள வந்துட்டுப் போவணும்” என்றேன்.

அப்பா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். மயில்வாகனம் கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். “அதுக்கின்னாம்மா. வந்தா போச்சு. இப்பல்லாம் யாரு அதெல்லாம் பாக்குறாங்க?”

அவர்கள் போன பிறகு அப்பாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் அழுததைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்தக் கோயிலின் மதிலைக் கட்டியது அப்பாதான். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது கட்டினார். வெளியே நின்று கட்டியபடியே, செங்கல் வரிசைக்கு மேலாக எட்டிப் பார்த்து உள்ளே இருந்த அம்மனைக் கும்பிட்டுக்கொள்வாராம். மதில் உயர உயர அந்தத் தரிசனமும் போயிற்று. தன் கையால் தன் கண்ணை மறைத்துக் கட்டியவர் என்று நான் பல்லைக் கடித்தால், அவர் சிரித்துக்கொண்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார்.

“அந்தத் தெருக்காரங்க நல்லவங்கம்மா. செவுரு கட்டுனா எறுகறதுக்குத் தெனம் தண்ணி விடணும். நான் காலைல போய் விடலாம்னு போனா, அதுக்கு முன்னாடியே செவுரு நனைஞ்சிருக்கும். அவங்களே குடம் குடமா ஊத்தி வெச்சிருப்பாங்க. எந்த ஊட்லம்மா கொத்தனாருக்கு அப்பிடிப் பண்ணுவாங்க? அதனாலதான் இன்னிக்கு வரைக்கும் ஒரு விரிசல் இல்ல.”

இந்தக் கதையை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அம்மாவுக்குக்கூட மனப்பாடம். அன்றைக்கும் அதைத்தான் சொன்னார். இந்த முறை கடைசியில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். “எம் பொண்ணு ஓட்டுற வண்டியில அம்மன் எந் தெருவுக்கு வரப் போவுது. இதுக்கு மேல எனக்கு இன்னா வோணும்?”

அதைக் கேட்ட பிறகு நான் என்ன சொல்ல முடியும்? வண்டியை இன்னொரு முறை பிரித்து மாட்டினேன். முன் சக்கரத்தையும் இழுக்கவைக்கிற லாக்கையெல்லாம் எண்ணெய் போட்டுத் திருப்பிப் பார்த்தேன். தெருவில் அப்பாவே வீடு வீடாகப் போய் முன்சுவருக்கு வெள்ளை அடித்துக் கொடுத்தார். பெண்கள் மாவிளக்குக்கு அரிசி ஊறப்போட்டார்கள். சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பெண்களும் வாசலில் கோலம் போடுவதாக இருந்தார்கள். அம்மா மட்டும் “வந்தப்பறம் சொல்லு” என்றாள். சொல்லிவிட்டு, அப்பாவுக்குப் புது வேட்டியும் துண்டும் வாங்கிவந்து வைத்தாள்.

அலங்காரம் செய்வதற்காக முந்தின நாள் சாயங்காலமே வண்டி கோயிலில் நிற்க வேண்டுமாம். சாவியை அம்மன் காலடியில் வைத்து எடுக்க வேண்டுமாம். கொண்டுபோய் நிறுத்தினேன். சாவியை நீட்டினால் மயில்வாகனம் கை நீட்டவில்லை, “வாசப்படியில வெச்சுட்டுப் போம்மா” என்றார். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. வைத்தேன். தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று அப்போதுதான் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

காலையில் நானும் அப்பாவும் போனோம். வண்டி மதிலுக்கு வெளியே ரோட்டுக்கு வந்திருந்தது. நிறையப் பூ, வாழைக்கன்று, பின்னால் சாமான் ஏற்றுகிற இடத்தில் அம்மன். எனக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு அழகாக இருந்தது. டிரைவர் சீட்டில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு லோகேஷ் உட்கார்ந்திருந்தான்.

“எறங்குடா” என்றேன்.

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தான். மயில்வாகனம் வந்தார். “பொம்பளப் புள்ள சாமி வண்டி ஓட்டுறது நம்ம வழக்கத்துல இல்லம்மா. அவன் ஓட்டட்டும். நீ கூடவே நடந்து வா. மணல்ல எறங்கும்போது இன்னா பண்ணணும்னு சொல்லிக் குடு.”

“எங்க ஊட்டு வாசல்ல நின்னு கேட்டப்ப நான் ஆம்பளையாவா தெரிஞ்சேன்?”

“கோவப்படாதம்மா. சாமி காரியம்.”

சாமி காரியம் என்று சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் எந்தப் பொய்யும் பொய்யில்லை. அவர் அப்பாவைத் தனியே கூட்டிக்கொண்டு போய்த் தோளைத் தொடாமல் சமாதானம் சொல்லத் தொடங்கினார். நான் வண்டியைப் பார்த்தேன். சக்கரத்தடியில் மஞ்சளாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. பானெட்டின் ஓரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் மஞ்சள், கியரில் மஞ்சள். அம்மா தைத்த வெள்ளை உறையில், நான் உட்காருகிற இடத்தில், சரியாக அந்த இடத்தில் குடத்தோடு கவிழ்த்திருந்தார்கள். லோகேஷ் கீழே ஒரு பலகை போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான்.

“இது இன்னாடா?”

“சுத்தி பண்ணாங்க.”

“போன வருஷம் டிராக்டருக்கும் ஊத்துனாங்களா?”

அவனுக்குப் பொய் சொல்ல வராது. “டிராக்டருக்கு எலுமிச்சம்பழம்தான் வெச்சோம்” என்றான், உதடு அசையாமல்.

எனக்கு உடம்பு முழுக்கப் பற்றிக்கொண்டு வந்தது. நான் தொட்ட இடம், நான் உட்கார்ந்த இடம், நான் கையை வைத்து வேலை செய்த என்ஜின். ஒவ்வொன்றாகத் தேடி ஊற்றியிருக்கிறார்கள். சாவியைப் பிடுங்கப் போனேன். அதற்குள் அப்பா வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “விடும்மா. யாரு ஓட்டுனா இன்னா? தெருவுக்கு வரட்டும். தெருவே காத்துக்கினு இருக்குது.”

அப்பாவுக்காக விட்டேன். வேறு யாருக்காகவும் இல்லை. என்ஜின் இருமிக்கொண்டே கிளம்பியது. அந்த இருமல் எனக்குத் தெரியும். கிண்ணத்துக்குள் ஈரம் போய்விட்டது, என்ஜின் சூடாக ஆக உள்ளே வியர்க்கும், வேகம் குறைத்தால் நின்றுவிடும். லோகேஷ் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மேளத்தோடு ஊர்வலம் வந்தது. எங்கள் தெருமுனையில் எல்லோரும் தட்டோடு நின்றார்கள். அப்பா முன்னால் ஓடிப்போய் அம்மாவிடமிருந்து தன் தட்டை வாங்கிக்கொண்டார். அதில் தேங்காய், வெற்றிலை, கற்பூரம். தெருவுக்குள் கடைசிவரை கோலம் போட்டு, வண்டி திரும்புவதற்காகச் சைக்கிள்களைக்கூட எடுத்து உள்ளே வைத்திருந்தார்கள்.

முன்னால் நடந்த மயில்வாகனம் எங்கள் தெருப்பக்கம் திரும்பவே இல்லை. கையை ரோட்டைப் பார்த்து வீசினார். “நேரா போப்பா, நேரா போ. நேரமாச்சு. மத்த சாமிங்கள்லாம் எறங்கிடுச்சு. வரும்போது பாத்துக்கலாம்.”

லோகேஷ் என்னைப் பார்த்தான். தட்டோடு நின்ற அப்பாவைப் பார்த்தான். அவன் என்ன நினைத்தானோ, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டான். ஒரு நிமிஷமாவது நிற்கட்டும் என்று நினைத்திருக்கலாம். வண்டி இரண்டு முறை குலுங்கி, எங்கள் தெருமுனையில் சரியாக நின்றது. என்ஜின் அணைந்துவிட்டது.

சாவியைத் திருப்பினான். உறுமியது, பிடிக்கவில்லை. திரும்பத் திரும்பத் திருப்பினான், பேட்டரி இளைத்துக்கொண்டே போயிற்று. மேளம் நின்றது. பட்டு வேட்டிகளை மடித்துக் கட்டிக்கொண்டு கமிட்டிக்காரர்கள் தள்ளினார்கள். அது என்ன ஸ்கூட்டரா? அத்தனையும் பழைய காலத்து இரும்பு. ஆறேழு முழம் நகர்ந்ததும் அவர்களுக்கு மூச்சு வாங்கியது. எங்கள் தெருப் பையன்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். நானும் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றேன். ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு நன்றாக இருந்தது.

மயில்வாகனம் வேர்த்து வழிந்தபடி என்னிடம் வந்தார். “சுகாசினி, கொஞ்சம் பாரும்மா.”

“பொம்பளப் புள்ள சாமி வண்டியத் தொடலாமா?”

“பேச நேரம் இல்லம்மா. அம்மன் வெயில்ல நிக்குது.”

“தண்ணி ஊத்தாதீங்கன்னு சொன்னேன் இல்ல?”

அப்பா அருகில் வந்தார். “போய்ப் பாரும்மா. நம்ம தெருவாண்ட வந்து நிக்குது. அம்மன அப்பிடியே விடக் கூடாது.” அம்மன் தானாகவே இங்கே வந்து நின்றுவிட்டாள் என்று அவர் நினைப்பது முகத்தில் தெரிந்தது. அந்த முகத்துக்கு முன்னால் என் கோபம் செல்லாது.

வீட்டிலிருந்து ஸ்பானரும் ஸ்குரூ டிரைவரும் எடுத்துவரச் சொல்லி வாங்கிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தேன். “கொஞ்சம் இரும்மா” என்று மயில்வாகனம் கையைக் காட்டித் தடுத்தார். கமிட்டிக்காரர்களுக்குக் கண்ணைக் காட்டினார். அவர்கள் பின்னால் ஏறி, அம்மனை மெதுவாக இறக்கி, ரோட்டோரம் மரப்பலகை போட்டு அதன்மேல் வைத்தார்கள். குடை பிடித்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு, “இப்பப் பாரு” என்றார்.

அதாவது அம்மன் வண்டியில் இருக்கும்போது நான் வண்டியைத் தொடக் கூடாது. நானும் தரையில் நிற்கலாம், அம்மனும் தரையில் இருக்கலாம். ரோட்டுக்குத் தீட்டில்லை போலிருக்கிறது. யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. எல்லோரும் மரியாதையாகத்தான் இருந்தார்கள்.

பானெட்டைத் தூக்கி, கிண்ணத்தின் மூடியைக் கழற்றினேன். உள்ளே மஞ்சள் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. காய்ந்த துணி கேட்டேன், அவர்களிடம் இருந்ததெல்லாம் நனைந்திருந்தது. அப்பா தோளிலிருந்த புதுத் துண்டை எடுத்து நீட்டினார். மூடியைத் துடைத்தேன், ஒயர்களைத் துடைத்தேன், பிளக்குக் குழிகளில் துண்டை முறுக்கி விட்டு ஈரத்தை ஒற்றி எடுத்தேன். துண்டு மஞ்சளாகிவிட்டது. மூடியை மாட்டிவிட்டு, லோகேஷ் சீட்டில் போட்டிருந்த பலகையைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, என் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். கடைசி மூச்சில் இருந்த பேட்டரி ஒரு சுற்றுச் சுற்றியது. வண்டி பிடித்துக்கொண்டது. எங்கள் தெருப் பெண்கள் குலவையிட்டார்கள்.

குலவைச் சத்தத்துக்கு நடுவில், ஒருவர் குடத்தோடு வருவதைப் பார்த்தேன். மேலே வேப்பிலை வைத்த மஞ்சள் தண்ணீர்.

“அது எதுக்கு?” என்றேன்.

மயில்வாகனம் குடக்காரரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அம்மன ஏத்தணும் இல்லம்மா.”

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. என்ஜினை ஓடவிட்டபடியே இறங்கி நின்றேன். “நான் தொட்டா நீங்க தண்ணி ஊத்துவீங்க. தண்ணி ஊத்துனா வண்டி நிக்கும். நின்னா என்னத்தான் கூப்புடுவீங்க. நான் வந்து தொடுவேன். திரும்ப ஊத்துவீங்க. பாலாறு வரைக்கும் இதே பொழப்பாவே போவலாமா? ஒரு லாரித் தண்ணி சொல்லி வெச்சிருக்கீங்களா?”

எங்கள் தெரு முழுக்கச் சிரித்தது. அவர்கள் பக்கத்திலும் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மயில்வாகனத்துக்கு முகம் சிவந்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. ரொம்ப நியாயமாக, பேரம் முடிக்கிற மாதிரி சொன்னார்: “என்ஜின் பக்கம் ஊத்தச் சொல்லலம்மா. சீட்டு மேல மட்டும். லேசா.”

சிரிப்பு நின்றுவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பேசினார். தட்டு அவர் கையில்தான் இருந்தது, கற்பூரம் ஏற்றவில்லை. அவர் மயில்வாகனத்தைப் பார்க்கவில்லை, குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, அந்த மதிலு கட்டுனப்ப, நான் காலைல வர்றதுக்கு முன்னாடி செவுத்துக்குத் தண்ணி ஊத்தி வெப்பீங்களே. அது எதுக்குங்க?”

மயில்வாகனம் அதை எதிர்பார்க்கவில்லை. “அது பழைய கதை ராமராஜா. இப்ப எதுக்கு அதெல்லாம்?”

“செவுரு எறுகறதுக்குத்தானே ஊத்துனீங்க?”

குடக்காரர் குடத்தை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. லோகேஷ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்பா அவர்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். ஒரு முகமாவது ‘ஆமாம்’ என்று சொல்லாதா என்று பார்த்தார். நானும் அதைத்தான் பார்த்தேன். அந்த ஒரு நிமிஷம், என் கோபமெல்லாம் போகட்டும், யாராவது ஒரு பொய்யாவது சொல்லுங்கள் என்று இருந்தது. எவ்வளவோ பொய் சொன்னவர்களுக்கு அந்த ஒரு பொய் வரவில்லை.

அப்பா தட்டை அம்மாவிடம் கொடுத்தார். “சுகா, வண்டிய ஊட்டுக்கு எடு” என்றார். நான் ஏறி உட்கார்ந்தேன்.

மயில்வாகனம் பதறினார். “ராமராஜா, அம்மன் நடு ரோட்டுல இருக்குது.”

“இருக்குதுங்க. நீங்கதான் எறக்கி வெச்சீங்க.”

அப்பா பலகையில் இருந்த அம்மன் பக்கம் திரும்பினார். தரையோடு தரையாக, அவருக்கு நேர் எதிரே, அவ்வளவு பக்கத்தில் அம்மனை அவர் பார்த்ததே இல்லை. கை கூப்பப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டார். திரும்பி வந்து வண்டியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

லோகேஷ் ஓடிவந்து கதவைப் பிடித்தான். “அக்கா, மணல்ல எப்பிடிக்கா போறது?” அத்தனை பேர் முன்னால் அன்றைக்குத்தான் முதல்முறையாக அக்கா என்றான்.

“தோள் இருக்குது இல்ல, தூக்கிக்கினு போங்க” என்று சொல்லிவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினேன்.

அம்மனுக்காகப் போட்ட கோலத்தின் மேலேயே ஓட்டிக்கொண்டு போனேன். வண்டியில் பூவும் வாழைக்கன்றும் அப்படியே இருந்தன, பின்னால் அம்மன் இருந்த இடம் மட்டும் காலி. இரண்டு பக்கமும் தெருக்காரர்கள் தட்டோடு நின்றார்கள். யாருக்குக் காட்டுவது என்று தெரியாமல் சிலர் கற்பூரத்தை ஊதி அணைத்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன். கமிட்டிக்காரர்கள் அம்மனைத் தூக்கக் கம்பு தேடி ஓடிக்கொண்டிருந்தார்கள். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுப் பக்கத்தில், அவர் கட்டிய குழியின்மேல் வண்டியை நிறுத்தி அணைத்தேன். அம்மா பின்னாலேயே வந்து, ஒன்றும் கேட்காமல், சீட்டு உறையைக் கழற்றித் துவைக்கப் போட்டாள். மஞ்சள் போகவில்லை. சோப்பு போட்டுத் தேய்த்து, மஞ்சளைச் சிவப்பாக்கிக் கொண்டுவந்தாள்.

அப்பா இறங்கவே இல்லை. உறை இல்லாத சீட்டில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சோற்றைப் பிசைந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“நல்ல கெட்டியான செவுரும்மா அது” என்றார். “நல்லா ஊத்தியிருக்கானுங்க.”

என் அப்பா வாயிலிருந்து ‘ஊத்தியிருக்கானுங்க’ என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.